மழை வந்தால் முகம் வாடும் ஊர்!

முத்து போனது; உப்பு நிற்கிறது: தூத்துக்குடியின் கதை

வானம் கறுத்தால் உழவர் மனம் குளிரும். "மழை வருகிறது" என்று கேட்டால் ஊரே மகிழும்.

ஆனால் மழையைக் கண்டு கலங்கும் ஊர் ஒன்றும் இருக்கிறது! கிழக்கே கறுப்பு மேகம் தலை காட்டினால் போதும். அங்கே ஆயிரக்கணக்கான பெண்களின் முகம் வாடிவிடும்.

"எக்கா, கெழக்க கறுக்குது, பாத்தியளா?"

"பாத்தேன் தாயி. ஓலையை எடு. அம்பாரத்தை மூடு. வெரசா வா!"

அடுத்த நிமிடம் ஒரே ஓட்டம்தான். ஆணும் பெண்ணும் பனை ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். வெள்ளை மலைபோலக் குவிந்து கிடக்கும் உப்பை மூடுகிறார்கள்.

மூடாவிட்டால் என்ன ஆகும்? பல நாள் பாடுபட்டுச் சேர்த்த உப்பு கரைந்து ஓடும். வந்த கடலுக்கே திரும்பிப் போய்விடும்!

அந்த ஊர்தான் தூத்துக்குடி.

மலை மறைத்த மழை

தமிழ்நாட்டின் தெற்குக் கோடியில், கிழக்குக் கரையில் இருக்கிறது தூத்துக்குடி. அதன் முன்னே விரிந்து கிடக்கும் கடலுக்கு மன்னார் வளைகுடா என்று பெயர். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை.

இந்தக் கடலில் தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை சின்னஞ்சிறு தீவுகள் வரிசையாக இருக்கின்றன. மொத்தம் 21 தீவுகள் என்பது கணக்கு. அவற்றைச் சுற்றிலும் பவளப் பாறைகள். பெரிய அலைகள் இந்தப் பாறைகளில் மோதி வேகம் குறைந்துதான் கரைக்கு வரும்.

இந்த ஊரில் மழை குறைவு. ஏன்?

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவ மழை தொடங்குகிறது. மேகங்கள் கேரளத்தின் மேல் கொட்டித் தீர்க்கின்றன. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவது வெறும் காற்றுதான். அதுவும் ஈரம் இல்லாத வறண்ட காற்று. கடலோரத்து மக்கள் மேற்கிலிருந்து வீசும் இந்தக் காற்றைக் "கச்சான்" என்பார்கள். கிழக்கிலிருந்து வருவது "கொண்டல்". வடக்கிலிருந்து வருவது "வாடை".

கேரளத்தில் ஆண்டுக்குச் சுமார் 300 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்வதோ சுமார் 65 சென்டிமீட்டர்தான்! அதிலும் பெரும்பகுதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் வந்துவிடும். மற்ற மாதங்களில் சுட்டெரிக்கும் வெயில்.

வேறு ஊராக இருந்தால் இது பெரிய குறை. தூத்துக்குடிக்கு இந்த வெயில்தான் முதல் போடாத மூலதனம்!

உப்பு விளைய நான்கு பொருள் வேண்டும். கடல் தண்ணீர் வேண்டும். தண்ணீரை உறிஞ்சாத களிமண் தரை வேண்டும். நல்ல வெயில் வேண்டும். வறண்ட காற்று வேண்டும். இந்த நான்கும் இங்கே உண்டு.

வடக்கே வேம்பார் முதல் தெற்கே பெரியதாழை வரை கடற்கரை ஓரமாக உப்பளங்கள் இருக்கின்றன. பரப்பு சுமார் 25 ஆயிரம் ஏக்கர். நல்ல ஆண்டாக இருந்தால் 25 லட்சம் டன் வரை உப்பு கிடைக்கும். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு முதல் இடம். அதற்கு அடுத்த இடம் தூத்துக்குடிக்குத்தான்.

உப்பு விளைவது எப்படி?

நெல் விளைகிறது என்கிறோம். உப்பையும் "விளைகிறது" என்றுதான் சொல்கிறார்கள். அதற்கும் பாத்தி உண்டு. வரப்பு உண்டு. வாய்க்கால் உண்டு. அறுவடையும் உண்டு!

பொங்கல் சமயத்தில் மழை ஓய்ந்துவிடும். பாத்திகளில் நின்ற மழைத் தண்ணீரை வடிப்பார்கள். சேற்றை அள்ளுவார்கள். பிறகு தரையைக் காலால் மிதிப்பார்கள். மிதித்து மிதித்து, சிமெண்டுத் தரைபோல இறுகச் செய்வார்கள். தரை இளகி இருந்தால் உப்பில் மண் கலந்துவிடும். விலை போகாது.

தரை தயாரான பின் உப்புத் தண்ணீரைக் கொண்டுவருவார்கள். சில அளங்களுக்குக் கடல் தண்ணீர் கால்வாய் வழியாக வரும். சில அளங்களில் கிணறு தோண்டி, நிலத்தடி உப்பு நீரை மோட்டார் வைத்து இறைப்பார்கள்.

தண்ணீர் முதலில் "தெப்பம்" என்ற பெரிய தேக்கத்தில் நிற்கும். வெயில் அதைக் குடிக்கும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. எஞ்சிய நீரில் உப்பு ஏறிக்கொண்டே வரும். அதை அடுத்த பாத்திக்கு விடுவார்கள். பிறகு அதற்கும் அடுத்த பாத்திக்கு.

உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு கண்ணாடிக் கருவி இருக்கிறது. அதைத் தண்ணீரில் மிதக்க விட்டால் "டிகிரி" காட்டும். கடல் நீர் சுமார் 3 டிகிரி. சுமார் 25 டிகிரி வந்ததும் உப்பு மணி கட்டத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் என்ற பொருள் அடியில் படிந்துவிடும். அதைத் தனியே எடுத்துச் சிமெண்டு செய்ய அனுப்புவார்கள்.

கொதித்து ஆறிய பாலில் ஏடு படர்வதைப் பார்த்திருக்கிறோம். அதுபோலத் தண்ணீரின் மேல் வெள்ளையாக ஓர் ஏடு படரும். அது கனத்துக் கீழே இறங்கும். பாத்தியின் அடியில் பளபளவென்று உப்பு படியும்.

ஆனால் அளவு தெரிய வேண்டும்! 30 டிகிரியை எட்டும்போது மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு கசக்கும். அந்தக் கசப்பு நீர் ஓடும் வாய்க்காலுக்கு "நஞ்சோடை" என்று பெயர். பெயரே அதன் குணத்தைச் சொல்லிவிடுகிறது.

ஒரு லிட்டர் கடல் நீரில் இருக்கும் உப்பு சுமார் 35 கிராம்தான். கடையில் வாங்குகிறோமே, ஒரு கிலோ உப்புப் பொட்டலம். அந்த அளவு உப்புக்கு 30 லிட்டருக்கு மேல் கடல் நீர் காய வேண்டும். காய்ச்சும் வேலையைச் சூரியன் செய்கிறான். விறகுச் செலவு இல்லை!

மற்ற வேலை எல்லாம் மனிதர் கையில்.

பொழுது விடியுமுன்...

ஊர் உறங்கும் நேரம். மணி இரண்டு அல்லது மூன்று இருக்கும். உப்பளத் தொழிலாளியின் வீட்டில் விளக்கு எரிகிறது. கஞ்சியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் புறப்படுகிறார்கள்.

தலையில் கட்டிய பேட்டரி விளக்கின் வெளிச்சத்தில் வேலை தொடங்குகிறது. ஏன் இந்த அகால நேரத்தில்? வெயில் ஏறிவிட்டால் அளத்தில் நிற்க முடியாது. அதனால்தான்.

நீண்ட கழியின் நுனியில் ஒரு பலகை. அதற்கு "வாருபலகை" என்று பெயர். அதை வைத்துப் பாத்தியில் உள்ள உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவார்கள். ஈர உப்பு கனமாக இருக்கும். இழுக்க இழுக்கத் தோள் வலிக்கும்.

வரப்பில் ஒதுக்கிய உப்பைப் பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமப்பார்கள். வழுக்கும் வரப்பில் நடந்து மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அந்த மேட்டுக்குத் "தட்டுமேடு" என்று பெயர். அங்கே குவியும் உப்புதான் "அம்பாரம்". ஒரு கூடையா, இரண்டு கூடையா? காலையிலிருந்து நண்பகல் வரை நடைதான். நாளுக்கு எத்தனை நடை என்று அவர்களே எண்ணுவதில்லை.

சூரியன் மேலே வந்ததும் சோதனை ஆரம்பமாகும். கீழே வெள்ளை உப்பு. மேலே வெள்ளை வெயில். கண் கூசும். பல ஆண்டு இப்படி உழைத்தவர்களுக்குப் பார்வை கெடுவது உண்டு. காலில் வெடிப்பு வரும். அந்த வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி எரியும்? கையில் சிறு கீறல் பட்டு, அதே கையால் ஊறுகாய் போட்டவர்களுக்கு அது புரியும்.

முழங்கால் வரை பூட்சும், கறுப்புக் கண்ணாடியும் அணிந்தால் ஓரளவு தப்பலாம். ஆனால் பூட்சு போட்டுக்கொண்டு வழுக்கும் பாத்தியில் வேகமாக நடக்க முடியவில்லை என்று பலர் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

நாள் முழுவதும் தண்ணீரில் நின்று வேலை. ஆனால் குடிக்கும் தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்!

இந்த வாழ்க்கையை நேரில் வந்து பார்த்தார் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன். அதை வைத்து "கரிப்பு மணிகள்" என்ற நாவலை எழுதினார்.

மூன்று மாதம் அடுப்பு எரிவது எப்படி?

மழைக் காலம் வந்தால் உப்பளம் குளமாகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை கிடையாது. வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தீபாவளி வரும். கிறிஸ்துமஸ் வரும். பிள்ளைகள் புதுத் துணி கேட்பார்கள். கடன் வாங்காமல் முடியுமா? அளத்துக்காரர்களிடம் முன்பணம் வாங்குவது உண்டு. தை பிறந்ததும் உழைத்துக் கழிப்பார்கள்.

இந்தக் கஷ்டத்தைக் கண்டு, உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக் கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டில் தொடங்கியது. மூன்று மாதத்துக்கும் சேர்த்து 5,000 ரூபாய். அது முழு வயிற்றுக்குப் போதாது. ஆனாலும் "மழை பெய்தால் இவர்கள் என்ன செய்வார்கள்?" என்ற கேள்வி அரசாங்கத்தின் காதில் விழுந்தது என்பதற்கு அது அடையாளம்.

முத்துக் குளித்த காலம்

உப்புக்கு முன்னே இந்தக் கடலுக்கு வேறு ஒரு வெள்ளைச் செல்வம் இருந்தது. அதுதான் முத்து. தூத்துக்குடிக்கு "முத்து நகரம்" என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

தூத்துக்குடிக்குத் தெற்கே தாமிரபரணி கடலில் கலக்கிறது. அதன் கழிமுகத்தில் இருந்தது கொற்கை. அது பாண்டியர்களின் துறைமுகம். கொற்கை முத்துக்கு உலகம் எங்கும் கிராக்கி. ரோமாபுரிக்கும் முத்து போனது. கிரேக்கர்கள் தங்கள் நூல்களில் இந்தத் துறைமுகத்தைப் பற்றி எழுதி வைத்தார்கள்.

இன்று கொற்கைக்குப் போனால் கடலைக் காண முடியாது. ஆறு கொண்டுவந்த மண் கடலைத் தூரத்தில் தள்ளிவிட்டது! கொற்கை இப்போது கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிறு கிராமம்.

கொற்கைக்குப் பின் காயல் வந்தது. மார்க்கோபோலோ 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்தபோது முத்துக் குளிப்பதைப் பற்றி எழுதினார். பிறகு தூத்துக்குடியின் காலம். போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1825-ல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. இத்தனை பேரும் இந்த ஊரைத் தேடி வந்ததற்கு முத்து ஒரு முக்கியக் காரணம்.

முத்துக் குளிப்பு என்றால் சாதாரண வேலை அல்ல. பரதவர்கள் படகில் ஏறி, முத்துச் சிப்பி இருக்கும் "பார்" என்ற இடத்துக்குப் போவார்கள். குளிப்பவர் ஒரு கல்லில் காலை வைப்பார். கல்லில் கயிறு கட்டியிருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு கல்லோடு கீழே இறங்குவார். கடலடியில் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் அள்ளுவார். கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுப்பார். எல்லாம் ஒரு மூச்சு நேரத்தில்!

சுறா வந்தால்? அதற்காக மந்திரம் சொல்லிச் "சுறாவின் வாயைக் கட்டும்" ஆட்கள் இருந்தார்கள். "கடல் கட்டி" என்று அவர்களுக்குப் பெயர். மந்திரத்தில் சுறா மயங்கியதோ இல்லையோ, குளிப்பவர் மனதில் தைரியம் பிறந்தது.

1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக் குளிப்பு நடந்தது. 1961-ல் நடந்ததே கடைசி. அதன் பிறகு பார்களில் சிப்பி போதிய அளவு இல்லை. முத்துக் குளிப்பு நின்றது, நின்றதுதான்.

முத்து ஏன் போனது? காரணம் பல சொல்கிறார்கள். அளவுக்கு மேல் அள்ளியது ஒரு காரணம். கடலடி கலங்கியது இன்னொரு காரணம்.

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பியை வளர்த்து, அதற்குள் சிறு மணியை வைத்து, 1973-ல் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். ஆனாலும் பழைய முத்துக் குளிப்பு திரும்பி வரவில்லை.

சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்றும் இருக்கிறார்கள். இங்கே எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போகும். அங்கே திருமணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையல் சங்கில் செய்வதுதான். தூத்துக்குடிக் கடலில் பிறந்த சங்கு கல்கத்தாவில் மணப்பெண் கையில் ஏறுகிறது!

கப்பலும் ஞாயிற்றுக்கிழமையும்

1876-ல் தூத்துக்குடிக்கு ரெயில் வந்தது. கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி ரெயிலிலும் வண்டியிலும் வந்து, கப்பல் ஏறி வெளிநாடு போயிற்று. ஊரிலேயே நூல் ஆலையும் வந்தது. வெள்ளைக்காரர்கள் நடத்திய அந்த ஆலைக்குக் கோரல் மில் என்று பெயர்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயர் கப்பல் ஓடியது. அதற்குப் போட்டியாக நம்மவர் கப்பல் ஓட வேண்டும் என்று எழுந்தார் ஒரு வக்கீல். அவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். "காலியா", "லாவோ" என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

கப்பல் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்னொரு கதையும் உண்டு.

1908-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை, வார விடுமுறை கிடையாது, கூலியோ குறைவு. இதுதான் அவர்கள் குறை. வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார். சில நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது!

வேலை நிறுத்தம் வெற்றி பெற்ற சில நாளில், மார்ச் 12-ந் தேதி, வ.உ.சி. கைது செய்யப்பட்டார். சிறையில் செக்கு இழுத்தார். அவர் 1912-ல் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை. 1936-ல் தூத்துக்குடியிலேயே அவர் உயிர் பிரிந்தது. வீட்டில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படிப்பவர்கள், அந்த ஓய்வுக்காக ஒரு ஊர் போராடியதையும் நினைத்துக்கொள்ளலாம்.

கடலுக்குள் ஒரு துறைமுகம்

பழைய துறைமுகத்தில் ஆழம் போதாது. பெரிய கப்பல் தூரத்தில் நிற்கும். தோணியில் சரக்கை ஏற்றி இறக்குவார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்கக் கடலுக்குள்ளேயே துறைமுகம் கட்டினார்கள். பாறைகளைக் கொட்டி இரண்டு நீண்ட சுவர்களை எழுப்பினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 4 கிலோமீட்டர் நீளம்! இரண்டு கையை நீட்டிக் கப்பலை அணைத்துக்கொள்வதுபோல அந்தச் சுவர்கள் இருக்கின்றன. நடுவில் கடல் அமைதியாக இருக்கும். 1974-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி இது இந்தியாவின் பத்தாவது பெரிய துறைமுகமாயிற்று. 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. கப்பல் ஓட்டியவர் பெயரில் கப்பல் நிற்கிறது!

2023-24-ம் ஆண்டில் இங்கே கையாண்ட சரக்கு 4 கோடி டன்னுக்கு மேல். அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி கடல் வழியாகத்தான் வருகிறது.

புதுத் துறைமுகம் வந்ததும் பழையது செத்துவிடவில்லை. அங்கிருந்து மரத் தோணிகள் இப்போதும் மாலத் தீவுக்குப் போகின்றன. வெங்காயம், காய்கறி, வீடு கட்டும் சாமான் எல்லாம் அதில் ஏறும். கடல் கடுமையாக இருக்கும் மாதங்களில் தோணிகள் கரையில் ஒதுங்கி நிற்கும்.

தொழிற்சாலைகள் பெருகின. வேலை கிடைத்தது. கூடவே புகையும் கழிவும் பற்றிய கவலையும் வந்தது. தாமிர ஆலை ஒன்றுக்கு எதிராக மக்கள் போராடினார்கள். 2018-ம் ஆண்டு மே 22, 23 தேதிகளில் போலீசார் சுட்டதில் 13 பேர் உயிர் இழந்தார்கள். சில நாளில் ஆலை மூடப்பட்டது. அந்த நாட்களை ஊர் மறக்கவில்லை.

மீன், மக்ரூன், மாதா தேர்

விசைப்படகுகள் அதிகாலையில் கடலுக்குப் போய் இரவில் திரும்புகின்றன. கரைக்கு மீன் வந்ததும் ஏலம். சத்தத்தில் காது அடைக்கும்! விற்காத மீன் உப்பு போட்டுக் கருவாடாகும். அதற்கும் இந்த ஊர் உப்புதான். இந்த ஊர் வெயில்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் அது. அள்ளினால் நாளைக்கு இருக்காது என்று முத்து சொன்ன பாடத்தை, மீன் விஷயத்தில் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

தூத்துக்குடிக்குப் போனவர்கள் மக்ரூன் வாங்காமல் திரும்புவதில்லை. முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு, இந்த மூன்றும் சேர்ந்த தின்பண்டம் அது. கூம்பு வடிவில் இருக்கும். வாயில் போட்டால் கரையும். வெளிநாட்டுக்காரர்கள் கொண்டுவந்த பண்டத்தை ஊர் தனதாக்கிக்கொண்டது.

வெளியூர்க்காரர் ஒருவர் முதல் முறை இந்த ஊருக்குப் போனால் திடுக்கிடுவார். எங்கே பார்த்தாலும் "நைட் கிளப்" என்று போர்டு! பயப்பட வேண்டாம். இரவில் பரோட்டா விற்கும் கடைக்குத்தான் அங்கே அந்தப் பெயர்!

ஆகஸ்டு 5-ந் தேதி பனிமய மாதா ஆலயத் திருவிழா. 1713-ல் கட்டிய கோவில் அது. வெயில் ஊரில் பனியின் பெயரால் ஒரு மாதா! கிறிஸ்தவர் மட்டும் அல்ல, எல்லா மதத்தாரும் கூடுகிறார்கள். காணும் பொங்கல் என்றால் குடும்பம் குடும்பமாகக் கட்டுச் சோற்றுடன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள முயல் தீவுக்குப் போவார்கள்.

தேய்ந்த தீவு

கரைக்கு அருகே இருக்கும் இன்னொரு தீவின் கதை வேறு. அதன் பெயர் வான் தீவு.

பல காலம் இந்தக் கடலில் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். அதைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். வீடு கட்டினார்கள். ஆலைக்கு அனுப்பினார்கள். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆள் இல்லை. அலை நேரே தீவில் மோதியது. மண் கரைந்தது.

21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் மூழ்கிவிட்டன. அதில் ஒன்றான விலாங்குசல்லி தூத்துக்குடிப் பக்கம்தான் இருந்தது. வான் தீவோ மூழ்கவில்லை, ஆனால் பெருமளவு சுருங்கிவிட்டது!

1986-ல் இந்தத் தீவுகள் தேசியக் கடல் பூங்காவாக்கப்பட்டன. பிறகு பவளம் வெட்டுவது தடுக்கப்பட்டது. வான் தீவைச் சுற்றிலும் சிமெண்டால் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது. தீவில் மண் மெல்ல மீண்டும் சேரத் தொடங்கியது. இழந்ததைத் திரும்பப் பெற எத்தனை பாடு!

அந்த டிசம்பர்

மழைக்குப் பஞ்சமான இந்தக் கரையில் 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதற்கு மேல் ஒரு நாளில் கொட்டிவிட்டது.

தாமிரபரணி கரை புரண்டது. ரோடுகள் அறுந்தன. தூத்துக்குடித் தெருக்களில் படகு விட்டார்கள். உப்பளங்கள் எங்கே, கடல் எங்கே என்று தெரியவில்லை. ஓலை போட்டு மூடி வைத்த அம்பாரங்கள் கரைந்து போயின. பாத்தியில் சேறு படிந்தது.

வெள்ளம் வடிந்தது. தை பிறந்தது. தொழிலாளர்கள் மறுபடியும் அளத்தில் இறங்கினார்கள். சேற்றை அள்ளினார்கள். தரையை மிதித்தார்கள். தண்ணீர் விட்டார்கள். மீண்டும் ஏடு படர்ந்தது, உப்பு விளைந்தது.

முத்து எடுத்தார்கள், முத்து தீர்ந்தது. பவளம் வெட்டினார்கள், தீவு மூழ்கியது. கடல் நீரில் உப்பு தீரப்போவதில்லை. ஆனால் அதை வாரும் கைக்கும், அந்த வெள்ளையைப் பார்க்கும் கண்ணுக்கும் எல்லை உண்டு. கடலைக் காப்பதுபோல அவர்களையும் காக்க வேண்டும்.

நாளைக்குச் சமையலறையில் ஒரு சிட்டிகை உப்பைக் கையில் எடுக்கும்போது, அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விடியாத நேரத்தில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் சுமந்த உப்பாக அது இருக்கலாம். அவள் இந்நேரம் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எக்கா, கெழக்க வெளுத்திருச்சா?"